ஐரீனம்மாள் வேடம்

3 நவம்பர் 2024, ஞாயிறு

இன்று மாதத் தமிழ்ப் பூசை. மழை. இந்த ஜெர்மன் ஊரில், வுப்பர்டாலில், மழை பெய்யாத ஞாயிறு வந்தால்தான் அதை எழுத வேண்டும். பூசை முடிந்து கீழ் மண்டபத்தில் தேத்தண்ணியும் கட்லட்டும். கூத்துப் பழக்குகிற அண்ணாவியார் சூசைநாயகம் அண்ணை ஒரு கதிரையில் ஏறி நின்றார். தை மாதம் செபஸ்தியார் திருநாளுக்கு இந்த முறை வெறும் பாட்டும் பேச்சும் இல்லை, செபஸ்தியார் கூத்தே போடப்போகிறோம் என்று அறிவித்தார். பகல் முழுக்கப் பீட்சாக் கடையில் மா பிசைகிற மனிதர். அவ்வளவு குரலை எங்கே வைத்திருக்கிறாரோ.

"செபஸ்தியாருக்கு ஆர்?" என்றார்.

என் மனுசன் எழும்பி நின்றார். "நான் ஆடுறன்."

மண்டபமே கைதட்டியது. நான் கடித்த கட்லட்டைத் தட்டில் வைத்துவிட்டேன். மே மாதம் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு குளியலறையில் விழுந்தவர் இவர். இரத்தக்குழாயில் ஸ்டென்ட் வைத்திருக்கிறது, இன்னும் வேலைக்குத் திரும்பவில்லை. செபஸ்தியாருக்குப் போடுகிற ரோமைப் படைத்தலைவன் உடுப்போ பாரம். கூத்து ஆட்டமோ நின்று பாடுகிற ஆட்டம் இல்லை, துள்ளி மிதித்துச் சுற்றி வர வேண்டும். இதெல்லாம் அங்கே இருந்த எல்லாருக்கும் தெரியும். தெரிந்தும் தட்டினார்கள், ஏனென்றால் நான் வைத்த நேர்த்திக்கடனும் எல்லாருக்கும் தெரியும்.

5 நவம்பர்

வேலையால் வந்து காலை நீட்டிக்கொண்டு எழுதுகிறேன். முதியோர் இல்லத்தில் இன்று இரண்டு பேர் லீவு, அவர்களுடைய வேலையும் என் தலையில்.

நேர்த்தியைப் பற்றி. மே மாதம் ஆஸ்பத்திரி விறாந்தையில் நின்று நேர்ந்தது. "செபஸ்தியாரே, இந்த மனுசனைத் திருப்பித் தாரும். உம்மட திருநாளுக்கு உம்மட வேசம் கட்டி ஆட வைக்கிறன்." ஏன் அப்படிச் சொன்னேன்? மெழுகுதிரி நேர்ந்திருக்கலாம். கேவலார் மாதா கோவிலுக்கு நடந்து வருகிறேன் என்று என் காலை நேர்ந்திருக்கலாம். ஒருசந்தி பிடிக்கிறேன் என்று என் வயிற்றை நேர்ந்திருக்கலாம். கொடுப்பதை நல்லதாகக் கொடுக்க வேண்டும் என்று அந்த நேரத்தில் தோன்றியிருக்க வேண்டும். எங்கள் வீட்டில் நல்ல பொருள் இவருடைய குரல்தான். என்னுடையதில் கொடுக்க ஒன்றும் தெரியாமல் அவருடையதை எடுத்துக் கொடுத்துவிட்டேன்.

அதோடு விட்டேனா? அவர் கண் திறந்ததும் கட்டிலருகில் இருந்தே சொன்னேன். தமிழ்க் கடையில் சொன்னேன். கொலோனில் இருக்கும் மகளுக்குச் சொன்னேன். என் வாய்க்கு எப்போதும் கதவு கிடையாது.

10 நவம்பர்

செபஸ்தியாரின் சரித்திரத்தை இன்று ஒழுங்காக உட்கார்ந்து வாசித்தேன். வெட்கம்தான், இவ்வளவு காலமும் அவரை அம்போடு மட்டும்தான் தெரியும். தியோக்கிளேசியன் என்கிற ராயனின் காவற்படைத் தலைவர். சிறைப்பட்ட கிறிஸ்தவர்களுக்கு ஒளித்து ஆறுதல் சொன்னவர். பிடிபட்டதும் மரத்தில் கட்டி அம்பு எய்கிறார்கள். சுரூபத்தில் இருப்பது அந்தக் காட்சி. ஆனால் அவர் அதில் சாகவில்லை! ஐரீன் என்ற ஒரு கைம்பெண் உடலை அடக்கம் செய்ய எடுக்கப் போகிறாள். மூச்சு இருக்கிறது. வீட்டுக்குக் கொண்டுபோய் ஒவ்வொரு அம்பாகப் பிடுங்கி, மருந்து கட்டி, ஆளைத் தேற்றி எடுக்கிறாள். தேறியவர் ரோமையை விட்டு ஓடிப் போகலாம்தானே? இல்லை. நேரே போய் ராயன் வருகிற வழியில் நின்று, நீ செய்வது அநியாயம் என்று முகத்துக்கு நேரே சொல்கிறார். இந்த முறை தடியால் அடித்தே கொன்றுவிடுகிறார்கள்.

எனக்கு ராயன் மேல் வந்த கோபத்தைவிட செபஸ்தியார் மேல்தான் கோபம் வந்தது. அந்தப் பெண் பட்ட பாடு என்ன?

அண்ணாவியாரின் கொப்பியில் கூத்து அம்போடு முடிகிறது. எனக்கு ஒரு யோசனை வந்தது, உடனே போன் எடுத்தேன்.

"அண்ணை, ஐரீனம்மாள் இல்லாமல் கூத்து அரைகுறை. அவ மருந்து கட்டுற கட்டம் ஒண்டு போடுங்கோ."

"அது சரி பிள்ளை, ஆர் ஆடுறது?"

"நான் ஆடுறன்."

அவருக்கு மெத்தச் சந்தோசம். உண்மைக் காரணத்தை அவருக்குச் சொல்லவில்லை. அந்தக் கட்டம் முழுக்கச் செபஸ்தியார் படுத்திருப்பார். உடுப்பைக் கழற்றி, நெஞ்சைக் காற்றாட விட்டு, நல்ல நீளமாக ஒரு ஓய்வு. நான் பக்கத்தில் இருந்து நாடி பிடித்துப் பார்த்தாலும் சபைக்கு அது நடிப்பு. பவளம், நீ கெட்டிக்காரிதான்.

17 நவம்பர்

முதல் பழக்கம், கூத்து ஒத்திகை. என் கெட்டித்தனத்துக்கு இன்று செருப்படி.

ஐரீனம்மாள் கட்டத்தை அண்ணாவியார் எழுதிவிட்டார். எழுதினவர் நிற்கவில்லை. தேறின ஆள் எழும்பிப் போக வேண்டும்தானே என்று, ராயனோடு வாதாடுகிற கட்டத்தையும் புதிதாகக் கட்டிவிட்டார். கூத்திலேயே கடுமையான ஆட்டம் அதுதான், மிக உச்சத்தில் பாடுகிற பாட்டும் அதில்தான். அம்போடு முடிந்திருக்க வேண்டிய கூத்தை இழுத்து நீட்டி வைத்தவள் நான்.

ஆனால் இவரைப் பார்க்க வேண்டும்! மே மாதத்துக்குப் பிறகு அந்த முகத்தை நான் காணவில்லை. சமையலறையில் வெங்காயம் உரித்துக்கொண்டே பாடுகிறார். நான்,

புண் ஆறவில்லை ஐயா, போகாதீர் – ராயன்
கண் ஆறவில்லை இன்னும், போகாதீர்

என்று பாட வேண்டும். அதற்கு அவர்,

அம்பு தைத்த உடம்பை ஆற்றிவிட்டாய் அம்மா – இனி
அன்பு தைத்த நெஞ்சை ஆர் கட்டி வைப்பார்?

என்று எழும்ப வேண்டும். இன்று சோற்றைக் கிளறிக்கொண்டு நான் பாட, கதவுநிலையில் நின்று அவர் பாடினார். கலியாணம் கட்டின புதிதில்கூட நாங்கள் இப்படி விளையாடினதில்லை. சந்தோசமாக இருந்தது. சந்தோசமாக இருந்ததே பயமாகவும் இருந்தது.

24 நவம்பர்

பழக்கம் முடிந்து வரும்போது எங்கள் ஒழுங்கைப் படிக்கட்டில் பாதியில் நின்றுவிட்டார். "வடிவா இருக்கு பார்" என்று கீழே பள்ளத்தாக்கைக் காட்டினார். அங்கே பார்க்க ஒன்றும் இல்லை, பனிப்புகாரும் தொங்கு ரயிலும்தான். மூச்சு வாங்குவதற்காக நின்றார் என்று எனக்குத் தெரியாதா?

1 டிசம்பர்

பூசைக்கு முன் பாதரைத் தனியாகப் பிடித்துக் கேட்டேன், நேர்த்தியை மாற்ற ஏலுமா என்று. மாற்றலாம், அதற்குத் தனக்கு அதிகாரம் இருக்கிறது என்றார். ஆட்டத்துக்குப் பதிலாக, ஆளில்லாத ஒரு நோயாளியை வாரம் ஒருமுறை நான் போய்ப் பார்க்கட்டாம்.

"என்ர வேலையே அதுதானே பாதர்."

"அப்ப சம்பளம் இல்லாமல் செய்யுங்கோ" என்று சிரித்தார்.

நெஞ்சில் இருந்த கல் இறங்கிய மாதிரி வீட்டுக்கு வந்தேன். இவரிடம் சொன்னேன், நேர்த்தி மாறிவிட்டது, இனி நீங்கள் ஆடத் தேவையில்லை என்று. இவர் மத்தளக்காரருக்குப் போன் எடுத்துக்கொண்டிருந்தவர், போனைக் கீழே வைத்தார்.

"ஆர் மாத்தச் சொன்னது?"

"உங்கட நெஞ்சுக்காகத்தான்..."

"நேர்த்தி உன்ர. ஆட்டம் என்ர" என்றார். கோபமாகச் சொல்லவில்லை. "நான் உன்ர நேர்த்திக்காகவே ஆடுறன் எண்டு நினைச்சனீ? இந்த வீட்டில நான் ஆறு மாசமா நோயாளி. மாத்திரை எடுத்தீங்களோ, தண்ணி குடிச்சீங்களோ, மெல்ல நடவுங்கோ. அங்க போனா நான் செபஸ்தியார்."

அது ஒன்றும் எனக்குத் தோன்றவே இல்லை. என் நேர்த்திக்குக் கீழ்ப்படிகிறார் என்றே நினைத்துக்கொண்டிருந்தேன்.

11 டிசம்பர்

இருதய டொக்டரிடம் டெர்மின், முன்பே குறித்துத் தந்த நாள். ஒன்றையும் விடாமல் எழுதுகிறேன்.

சைக்கிள் மிதிக்க வைத்துச் சோதித்தார்கள். முடிந்து இவரின் நெஞ்சில் ஒட்டிய வயர்களைப் பக்கத்து அறையில் தாதி கழற்றிக்கொண்டிருக்க, டொக்டர் என்னைக் கூப்பிட்டு இருத்தினார். நான் எல்லாவற்றையும் சொன்னேன். பொய் ஒன்றும் கலக்கவில்லை. நாடகம், துள்ளல், பாரமான உடுப்பு, உச்சத்தில் பாட்டு, படிக்கட்டில் நின்றது. வேண்டாம் என்று சொல்வார் என்று நம்பித்தான் சொன்னேன். அவர் கடதாசியைப் பார்த்துவிட்டு, சோதனை நன்றாக இருக்கிறது, ஆடட்டும் என்றார். மெல்ல மெல்லக் கூட்டட்டும், நெஞ்சு இறுகினால் உடனே நிறுத்தட்டும். சோபாவில் இருப்பதைவிட அது நல்லது. போகும்போது, திருநாள் நல்லபடியாக நடக்கட்டும் என்று வாழ்த்து வேறு.

இவர் ஷேர்ட் பொத்தானைப் பூட்டிக்கொண்டு விறாந்தைக்கு வந்தார். "என்னவாம்?"

"ஏலாதாம்" என்றேன்.

எப்படி வந்தது அந்தச் சொல்? நான் யோசித்து வைத்திருக்கவில்லை, சத்தியமாக இல்லை. வாய் திறந்தது, வந்தது. இவர் என் முகத்தைப் பார்த்தார். "அப்பிடியோ சொன்னவர்?" "ஓம். ஆட்டம் ஒண்டும் கூடாதாம்." திரும்பி டொக்டரின் கதவைப் பார்த்தார். உள்ளே போய்க் கேட்பார் என்று நினைத்தேன், கேட்டால் நல்லது என்றும் நினைத்தேன். கேட்கவில்லை. எங்கள் வீட்டில் டொக்டரோடு கதைப்பது நான், வந்து சொல்வது நான். இவ்வளவு காலமும் அப்படித்தான்.

பஸ்ஸில் என் கையைப் பிடித்துக்கொண்டு வந்தார். அவர் என்னைத் தேற்றுகிறாராம்!

12 டிசம்பர்

இன்றைக்குச் சொல்லிவிடலாம் என்றிருந்தேன். நல்ல நித்திரையில் இருந்தார்.

15 டிசம்பர்

பழக்கத்துக்கு இவரே வந்து சபைக்கு முன்னால் சொன்னார். "டொக்டர் மறிச்சுப் போட்டார். என்ர மனுசியும் அழுறாள். வேற ஆளைப் பாருங்கோ." பார்சல் வான் ஓட்டுகிற ரஜிதனுக்குச் செபஸ்தியார் போனது. நல்ல பெடியன், நல்ல ஆட்டம், பாட்டுத்தான் கொஞ்சம் மறதி. இவர் கிரீடத்தைத் தன் கையால் அவனுக்கு வைத்துவிட்டு, எனக்குத் தலை இடிக்குது, நீ முடிச்சிட்டு வா என்று வீட்டுக்குப் போய்விட்டார்.

நான் நின்று ஐரீனம்மாள் பழகினேன். விட்டுவிட்டு வர ஏலாது என்று ஒரு சாட்டு. உண்மையில் வீட்டுக்கு வரப் பயம்.

24 டிசம்பர்

மகள் மிதுசா வந்து நிற்கிறாள். இரவுப் பூசையில், எப்போதும் நிற்கிற பாடகர் குழுவோடு இவர் நிற்கவில்லை, பின் வாங்கில் என்னோடு இருந்தார். "அப்பாவுக்கு என்ன?" என்று மகள் கேட்டாள். "நெஞ்சு வருத்தம்தானே பிள்ளை, களைப்பு" என்றேன். ஒன்றுக்குப் பின் ஒன்றாக எவ்வளவு லேசாக வருகிறது.

26 ஜனவரி 2025

நேற்றுத் திருநாள். கூத்தும் நடந்தது. மண்டபத்தில் நிற்க இடமில்லை, எசனில் இருந்தும் டோர்ட்முண்டில் இருந்தும் வந்திருந்தார்கள்.

இவர் வரமாட்டார் என்று நினைத்தேன். வந்து முதல் வரிசையில், சூட் போட்டுக்கொண்டு இருந்தார்.

ரஜிதன் நன்றாகத்தான் ஆடினான். அம்பு எய்து முடிந்து என் கட்டம் வந்தபோது அவனுக்கே மேல்மூச்சு கீழ்மூச்சு வாங்குகிறது, வியர்வை ஆறாக ஓடுகிறது. அவன் நெஞ்சு ஏறி இறங்குவதைப் பார்க்கப் பார்க்க எனக்குள் ஒரு திருப்தி. முப்பது வயதுப் பெடியனுக்கே இப்படியென்றால்? நான் செய்தது சரிதானே? கடவுளே, மேடையில் அம்பைப் பிடுங்கிக்கொண்டு நான் கணக்குப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

பிறகு நான் "போகாதீர்" பாடினேன். ரஜிதன் எழும்ப வேண்டும். எழும்பினான். பாட்டு வரவில்லை. மறந்துவிட்டான். மத்தளம் சுற்றிச் சுற்றி வந்து நிற்கிறது, அண்ணாவியார் பக்கவாட்டில் கொப்பியைப் புரட்டுகிறார். அப்போது கீழே இருந்து அந்தப் பாட்டு வந்தது.

அம்பு தைத்த உடம்பை ஆற்றிவிட்டாய் அம்மா...

இருந்த இடத்தில் இருந்துதான் பாடினார். மெல்லமாக எடுத்துக் கொடுத்திருக்கலாம். இல்லை, முழுக் குரலில், உச்சத்தில், இரண்டு அடியையும் பாடி முடித்தார். ஒரு இடத்தில் பிசிறவில்லை. மண்டபமே அவர் பக்கம் திரும்பியது. அவர் ஒருவரையும் பார்க்கவில்லை, என்னைத்தான் பார்த்துக்கொண்டு பாடினார். ஒன்றும் தெரியாதவர் பார்க்கிற பார்வை அது. அன்பான பார்வை. நான் மேடையில் அழுதேன். நல்ல நடிப்பு என்று எல்லாரும் சொன்னார்கள்.

அவரால் ஆடியிருக்க முடியும். இல்லை, எனக்கு எப்படித் தெரியும்? இரண்டு அடி பாடுவது வேறு, துள்ளுவது வேறு. இனி ஒருநாளும் தெரியப்போவதில்லை. தெரிய விடாமல் செய்தவள் நான்.

2 பெப்ரவரி

அதற்குப் பிறகு வீட்டில் ஒரு பாட்டும் இல்லை.

16 மார்ச்

தபசுகாலப் பாவசங்கீர்த்தனம். சொன்னேன். பாதர், "கடவுள் மன்னிப்பார், ஆனா அவருக்குச் சொல்லுங்கோ" என்றார். ஓம் என்றேன். பாவசங்கீர்த்தனக் கூண்டுக்குள் இருந்தே இன்னொரு பொய்.

நேர்த்திக்குப் பதிலாக வாரம் ஒருமுறை பார்க்கப் போகிற கிழவி இருக்கிறாள், ஹில்டகார்ட் என்று பெயர். பிள்ளை இல்லை. இன்றும் போனேன். என் முகத்தைப் பார்த்துவிட்டு, உன் கணவர் இறந்துவிட்டாரா என்று கேட்டாள். இல்லை, நன்றாக இருக்கிறார் என்றேன்.

உண்மைதான், நன்றாக இருக்கிறார். மாத்திரை தவறாமல் எடுக்கிறார். உப்புக் குறைத்துச் சாப்பிடுகிறார். பின்னேரத்தில் மெல்ல நடந்துவிட்டு வந்து, தொலைக்காட்சிக்கு முன்னால் இருந்து, கூப்பிட்டால் எழும்பிச் சாப்பிட வருகிறார். இப்படி ஒரு மனிதரைத்தான் நான் ஆஸ்பத்திரி விறாந்தையில் நின்று கேட்டேனா?

11 ஜூன்

டொக்டர் டெர்மின். எனக்கு வேலையில் லீவு கிடைக்கவில்லை. நானே போக வேண்டும் என்று எவ்வளவோ கெஞ்சிப் பார்த்தேன், கிடைக்கவில்லை. மிதுசா லீவு போட்டு வந்து அப்பாவைக் கூட்டிக்கொண்டு போனாள்.

மத்தியானம் போன் வந்தது.

"அம்மா, டொக்டர் நாடகத்தைப் பற்றிக் கேட்டவர். எப்பிடிப் போச்சு, நல்லா ஆடினீங்களோ எண்டு. அப்பா விளங்காத மாதிரி என்னைப் பார்த்தவர். டொக்டர் சொல்லுறார், உங்கட மனுசி வடிவா எல்லாம் சொன்னவ, நான் ஆடலாம் எண்டுதானே சொன்னனான் எண்டு."

"அப்பா என்ன சொன்னவர்?"

"நல்லாப் போச்சு எண்டு சொன்னவர். என்னம்மா நடந்தது?"

நான் போனை வைத்துவிட்டேன். டொக்டருக்கு முன்னால் என்னைக் காட்டிக் கொடுக்கவில்லை அந்த மனிதர்.

வேலை முடிந்து வீட்டுக்கு வந்தேன். மேசையில் இருந்தார். கத்துவார் என்று நினைத்தேன். கத்தியிருந்தால் நானும் கத்தியிருப்பேன், அழுதிருப்பேன், எப்படியாவது தீர்ந்திருக்கும்.

"என்னைக் கேக்காமல் நேர்ந்தாய். என்னைக் கேக்காமல் எடுத்தும் போட்டாய்" என்றார்.

"பயத்திலதான்... ஐயோ, பயத்திலதான் சொன்னனான்."

"தெரியும்" என்றார். பிறகு சாப்பிட்டீங்களா என்று நான் கேட்க, ஓம் என்றார். அவ்வளவுதான்.

12 ஜூன்

டெர்மின் அட்டையை அலுமாரியில் இருந்து எடுத்துத் தன் பேர்ஸுக்குள் வைத்துக்கொண்டார்.

7 செப்டெம்பர்

இப்போது எல்லா டெர்மினுக்கும் தனியாகப் போகிறார். போனில் டெர்மின் எடுக்கையில் கேட்கிற அவருடைய ஜெர்மன் எனக்கு ஆச்சரியம், தேவையானது எல்லாம் இருக்கிறது. இத்தனை வருடமும் எனக்காகத்தான் பின்னால் நின்றாரா? திரும்பி வந்ததும் டொக்டர் என்ன சொன்னார் என்று கேட்பேன். "நல்லது எண்டவர்" என்பார். அதற்கு மேல் கேட்க எனக்கு வாய் இல்லை. எனக்கு வாய் இல்லை என்று எழுதுகிற நாளும் வந்துவிட்டது.

சண்டை இல்லை. நான் சுகமில்லாமல் படுத்தபோது கஞ்சி வைத்துத் தந்தார். ஊர்க்கதை கதைக்கிறோம், மகளுக்கு மாப்பிள்ளை பார்க்கிற கதை கதைக்கிறோம். இவரைப் பற்றிய கதை மட்டும் என்னிடம் வருவதில்லை.

2 நவம்பர் 2025, ஞாயிறு

தமிழ்ப் பூசை. போன தை மாதக் கூத்து எடுபட்டதால் வருகிற தை மாதமும் அதையே போடுகிறார்கள். செபஸ்தியார் ஜேசுரட்ணம் என்று அண்ணாவியார் என் மனுசனின் பெயரை அறிவித்தார். சபை கைதட்டியது. எனக்கும் அங்கேதான் தெரிய வந்தது. நானும் தட்டினேன்.

பிறகு அண்ணாவியார் தேத்தண்ணிக் கோப்பையோடு என் பக்கம் வந்தார். வந்தவர் கோப்பையைத்தான் பார்த்தார்.

"பிள்ளை, குறை நினைக்காதை. இந்த முறை அம்போட முடிப்பம் எண்டு இருக்கிறம். ராயனோட வாதாடுறதை முன்னுக்குப் போட்டாச்சு. ஐரீனம்மாள் வேண்டாம் எண்டு ஜேசு சொன்னவன்."

"அதுக்கென்ன அண்ணை" என்றேன். "நேரமும் மிச்சம்."

சோறு வைத்துவிட்டு இருந்து இதை எழுதுகிறேன். இவர் அறைக்குள் பழகுகிறார். கதவு சாத்தியிருக்கிறது, நிலம் அதிருகிறது. குரல் நன்றாக இருக்கிறது. இப்போது அம்புக் கட்டம். பாடி முடித்துவிட்டார், சத்தம் நின்றுவிட்டது. மூச்சு வாங்குகிறாரோ, சும்மா இருக்கிறாரோ தெரியவில்லை.

நான் கதவைத் தட்டவில்லை.